"எங்க நாய் ஒண்ணும் பண்ணாது": லீஷ் சட்டம் நம்மிடம் கேட்பது என்ன?

நாயோடு தெருவில் நடக்கும்போது எதிரே வருபவர் சட்டென்று நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். கையிலிருக்கும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்குவார். நாய் வாலாட்டிக்கொண்டே போய் அவர் முழங்காலை மோந்து பார்க்கும். பத்தடி பின்னால் வரும் வளர்ப்பவர் சிரித்த முகத்தோடு சொல்வார்: "பயப்படாதீங்க, எங்க நாய் ஒண்ணும் பண்ணாது."

அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். அந்த நாயோடு எத்தனையோ வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர் அவர். சுவரோரம் நிற்பவருக்கோ அந்த வருடங்கள் எதுவும் தெரியாது. பல்லும் வேகமும் உள்ள ஒரு மிருகம் தன்னை நோக்கி வருகிறது என்பது மட்டும்தான் தெரியும். வெளியே வரும் நாயைக் கயிற்றில் பிடித்திருக்கச் சொல்லும் லீஷ் சட்டம் எழுதப்பட்டது அவருக்காக. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

நாய் வளர்ப்பவர்கள் கூடும் இடத்தில் இந்தச் சட்டம் பற்றிச் சில பேச்சுகள் எப்போதும் புழங்கும். கயிறு முரட்டு நாய்க்குத்தான். முதல் கடிக்குக் கேஸ் கிடையாது. கையில் கயிறு இருந்தால் தப்பு நம்ம மேல் வராது. கேட்டில் போர்டு மாட்டினால் போதும். இவற்றில் இரண்டை நானே வெகுநாள் நம்பியிருந்தேன். நான்கையும் நம்பி நடக்க முடியாது. ஏன் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

## சரிவில் நிறுத்திய கார்

சரிவான தெருவில் காரை நிறுத்துகிறீர்கள். இறங்குமுன் ஹேண்ட் பிரேக் போடுகிறீர்கள். காரின் மேல் சந்தேகப்பட்டா போடுகிறீர்கள்? நேற்றும் முந்தாநாளும் அது உருண்டதில்லை. ஆனாலும் ஒருவேளை உருண்டால் கீழே நடந்துபோகிறவர் கதி என்ன என்று நினைத்துத்தான் போடுகிறீர்கள். "இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட உருண்டதில்லைங்க, அதனால நான் பிரேக் போடறதே இல்லை" என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

நாயின் கயிறும் அப்படிப்பட்ட பிரேக்தான். அதை மாட்டுவதால் நாய் கெட்டது என்று ஆகிவிடாது. கார் உவமை ஓரிடத்தில் போதாமல் போகிறது: கார் தானாக முடிவெடுக்காது, நாய் எடுக்கும். பூனை குறுக்கே ஓடினால், இடி இடித்தால், எதிர்வீட்டு நாய் உறுமினால், ஒரு நொடிக்கு முன் சாதுவாக நடந்துவந்த நாய் உடம்பெல்லாம் முறுக்கேறிப் பாயும். ஆகவே சக்கரத்துக்கு அடியில் கல் வைப்பதுபோல் வைத்துவிட்டுப் போய்விட முடியாது. பிரேக்கின் மறுமுனையை ஒரு மனிதர் பிடித்திருக்க வேண்டும்.

இப்போது சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நாயின் கழுத்துப்பட்டையிலோ, மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸிலோ கொக்கி போட்டுக் கையில் பிடிக்கும் கயிறு அல்லது பட்டைதான் லீஷ். பெல்ட் என்றும் செயின் என்றும் சொல்கிறவர்கள் உண்டு. சொந்த இடத்துக்கு வெளியே நாய் இருந்தால், அதை அடக்கக்கூடிய ஒருவர் கையில் லீஷோடு இருக்க வேண்டும் என்று சொல்லும் விதிக்குப் பெயர் லீஷ் சட்டம். யார் பிடியிலும் இல்லாமல் வெளியே இருக்கும் வளர்ப்பு நாய், சட்டத்தின் கண்ணில் அவிழ்ந்து திரியும் நாய்.

அது கடித்ததா, குரைத்ததா என்று இந்த விதி கேட்பதில்லை. அவிழ்ந்து திரிந்தாலே மீறல். சிவப்பு விளக்கைத் தாண்டியவர் யார் மேலும் மோதவில்லை என்றாலும் அபராதம் கட்டுகிறார் அல்லவா, அதேபோல.

## ஆறு அடி என்ன செய்கிறது?

நியூயார்க் நகரத்தின் பொது இடங்களில் லீஷ் ஆறு அடிக்கு மேல் இருக்கக் கூடாது. அமெரிக்க தேசியப் பூங்காக்களிலும் அதே ஆறு அடிதான். முதலில் கேட்கும்போது இது அதிகாரிகளின் பிடிவாதம்போல் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

நல்ல உடல்நிலையில் உள்ள நடுத்தர அளவு நாய் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தைச் சுலபமாக எட்டும். நொடிக்கு எட்டு மீட்டருக்கும் மேல். எதிரே சைக்கிள் வருகிறது. அதை நீங்கள் பார்க்க வேண்டும், நாயும் பார்த்துவிட்டது என்று உணர வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அது காதில் விழ வேண்டும், விழுந்தபின் அது திரும்ப மனசு வைக்க வேண்டும். எல்லாம் சரியாக நடந்தாலும் ஒரு நொடி போய்விடும். அதற்குள் நாய் எட்டு மீட்டர் தாண்டியிருக்கும். நன்கு பழக்கிய நாய்க்கும் இந்த ஒரு நொடி உண்டு. "கூப்பிட்டா வந்துடும்" என்பது உண்மையாகவே இருக்கட்டும். எட்டு மீட்டர் கழித்துத்தான் வரும்.

லீஷ் அந்த எட்டு மீட்டரை முன்கூட்டியே வெட்டிவிடுகிறது. ஆறு அடி என்பது ஏறக்குறைய 1.8 மீட்டர். கையை மையமாக வைத்து அந்த அளவுக்கு ஒரு வட்டம் போட்டால் உள்ளே அடங்கும் பரப்பு சுமார் 10 சதுர மீட்டர், ஒரு சிறிய அறை அளவு. பொத்தானை அழுத்தினால் நீளும் சுருள் லீஷை 5 மீட்டருக்கு விட்டீர்கள் என்றால் பரப்பு 78 சதுர மீட்டருக்கு மேல். கயிறு மூன்று மடங்குகூட நீளவில்லை, நாய்க்கு எட்டும் இடமோ ஏறக்குறைய எட்டு மடங்கு ஆகிவிட்டது. குறுகலான நடைபாதையில் அந்த வட்டத்துக்குள் எத்தனை பேர் வந்துபோவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இதோடு, 5 மீட்டர் ஓடிய நாய் கயிற்றின் முனைக்கு வரும்போது வேகம் பிடித்திருக்கும். அந்த வேகம் முழுவதும் ஒரே இழுப்பாக உங்கள் தோளிலும் அதன் கழுத்திலும் வந்து விழும்.

பிடிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் புதியவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. லீஷ் முனையிலுள்ள வளையத்தை மணிக்கட்டில் வளையல்போல் மாட்டிக்கொள்வதுதான் பலரின் பழக்கம். பெரிய நாய் பாய்ந்தால் மணிக்கட்டோடு சேர்த்து ஆளையும் இழுத்துக் கீழே போட்டுவிடும். வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, பட்டையை உள்ளங்கைக்குக் குறுக்கே கொண்டுவந்து, நான்கு விரல்களையும் அதன் மேல் மூடுங்கள். பிடி நழுவாது, உயிருக்கு ஆபத்து என்றால் விரலைத் திறந்ததும் விடுபடும். மற்றொரு கை லீஷின் நடுவில் லேசாகத் தொட்டபடி இருக்கட்டும். எதிரே ஆள் வந்தால் அந்தக் கைதான் கயிற்றைக் குறுக்கும். இடையில் ஒரு சிறு தொய்வு எப்போதும் இருக்க வேண்டும். விறைப்பாகவே பிடித்திருந்தால், ஏதோ நடக்கப்போகிறது என்று நாயும் விறைத்துக்கொள்ளும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கயிறு நாயின் குணத்தைப் பற்றிய தீர்ப்பு கிடையாது. மனிதக் குரல் போய்ச் சேருவதற்குமுன் நாய் கடந்துவிடும் தூரத்தை அது குறைக்கிறது.

## கயிறு இருந்தும் கட்டுப்பாடு இல்லை என்றால்?

அறுபது கிலோ நாயை ஒரு பத்து வயதுக் குழந்தை பிடித்துக்கொண்டு போகிறது. கயிறு இருக்கிறது. நீளமும் ஆறடிதான். ஆனாலும் அங்கே நாய்தான் குழந்தையை நடத்திக்கொண்டு போகிறது. சட்டம் எதிர்பார்ப்பது கயிற்றின் மூலம் கிடைக்கும் கட்டுப்பாட்டை. ஒழுங்காக எழுதப்பட்ட விதிகளில் எல்லாம் "அடக்கக்கூடிய ஒருவர்" என்ற நிபந்தனை எந்த வடிவிலாவது இருக்கும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள 1991-ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டத்தைப் பாருங்கள். குறிப்பிட்ட சில இனங்களைத் தடை செய்த சட்டம் என்றே அது பேசப்படுகிறது. ஆனால் அதன் மூன்றாம் பிரிவு எந்த இன நாய்க்கும் பொருந்தும், வீட்டுக்குள் மடியில் கிடக்கும் குட்டி நாய்க்கும்கூட. நாய் ஆபத்தான முறையில் கட்டுப்பாட்டை மீறி இருந்தால் குற்றம். அப்படி மீறியது என்பதை எப்படி அளப்பது? நாய் ஒருவரைக் காயப்படுத்திவிடும் என்று அஞ்சுவதற்கு நியாயமான காரணம் இருந்தாலே போதும். பல் படத் தேவையில்லை. சுவரோரம் பையை அணைத்துக்கொண்டு நின்றவரின் பயத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதை முதன்முறை படித்தபோது எனக்கு உறைத்தது. 2014-இல் இந்த விதியைத் தனியார் இடங்களுக்கும், அதாவது சொந்த வீட்டுக்கும், நீட்டித்தார்கள்.

நாய் பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையுடையது என்றாலும், வீட்டுத் தலைவர் தப்பிக்க முடியாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. "பையன் ஆசைப்பட்டு வாங்கினான், அவன்தான் பாத்துக்கறான்" என்ற பேச்சு அங்கே செல்லாது. வேறு நாடுகளிலும் பொறுப்பு பெயரளவிலான உரிமையாளரோடு நிற்பதில்லை. அந்த நேரத்தில் நாயை வைத்திருப்பவர், பராமரிப்பவர் என்று விரிகிறது. பக்கத்து வீட்டார் ஊருக்குப் போகும்போது அவர்கள் நாயைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டால், கயிறோடு சேர்த்துப் பொறுப்பையும் கையில் வாங்குகிறீர்கள்.

கயிறு இல்லாமலே கட்டுப்பாடு இருக்க முடியும் என்பதையும் சட்டம் அறியும். அமெரிக்காவில் உடற்குறை உள்ளவர்களுக்கு உதவும் சேவை நாய்களுக்கு லீஷோ ஹார்னஸோ கட்டாயம். ஆனால் அந்த லீஷே நாயின் வேலைக்கு இடையூறாக இருந்தாலோ, நாயை வைத்திருப்பவரால் உடற்குறை காரணமாக அதைப் பிடிக்க முடியாமல் போனாலோ, குரலாலும் சைகையாலும் நாயைக் கட்டுப்படுத்தினால் போதும் என்று விலக்கு உண்டு. எதற்காக விதி என்பது இந்த விலக்கில் பளிச்சென்று தெரிகிறது.

ஆக, சட்டம் மூன்றைப் பார்க்கிறது: நாய் இருக்கும் இடம், அதைப் பிடித்திருக்கும் இணைப்பு, மறுமுனையில் இருக்கும் ஆள். மூன்றும் சேர்ந்தால்தான் கட்டுப்பாடு.

## ஒரே புல்வெளி, இரண்டு விதி

"லீஷ் சட்டம் என்ன சொல்லுது?" என்று கேட்டால் ஒரே பதில் வராததற்குக் காரணம், அது ஒரே சட்டமாக இல்லாததுதான். நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் மேலே இருக்கும். விலங்கால் வரும் ஆபத்து, நஷ்டஈடு போன்ற பெரிய விஷயங்களை அது பேசும். அதன் கீழே மாநிலம் அல்லது மாகாணம். அதற்கும் கீழே நகராட்சியின் துணைவிதிகள். எந்தத் தெருவில் கயிறு வேண்டும், எத்தனை அடி, எந்தக் கடற்கரையில் நாய்க்கு அனுமதி இல்லை என்பதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கடைசித் தட்டில்தான் இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பு, தனியார் வளாகம் என்றால் அவர்கள் போட்டுக்கொண்ட விதிகள் இன்னொரு தட்டு. மேல் தட்டு அமைதியாக இருக்கிறது என்பதற்காகக் கீழ்த் தட்டு இல்லை என்றாகிவிடாது.

நியூயார்க்கின் பூங்காக்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சில பூங்காக்களில் குறிப்பிட்ட பகுதிகளில், பூங்கா திறந்ததிலிருந்து காலை 9 மணி வரையும், இரவு 9 மணியிலிருந்து மூடும் வரையும் நாயைக் கயிறில்லாமல் விடலாம். காலை 8:50-க்கு அனுமதி உள்ள அதே புல்வெளியில் 9:10-க்கு அது மீறல். நாய் மாறவில்லை, புல்லும் மாறவில்லை. அந்த நேரத்தில் அங்கே வரும் மனிதர்கள் மாறுகிறார்கள்.

கயிறில்லாப் பகுதி என்றால் பொறுப்பில்லாப் பகுதி என்று எடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. அங்கேயும் நாய் உங்கள் கண் பார்வையில், குரல் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சண்டை வந்தால் விலக்க வேண்டியவர் நீங்கள். வெளியில் கயிறோடு வரும் வேறொரு நாயிடம் உங்கள் அவிழ்ந்த நாய் "விளையாடத்தானே போகுது" என்று ஓடினால், கட்டுண்ட நாய்க்கு விலகி ஓட வழியில்லை. ஓட முடியாத நாய்க்கு மிஞ்சியிருப்பது பல்தான். நட்பாகப் போன நாயால் தொடங்கிய சண்டைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஊர் விதி தெரிய வேண்டும் என்றால் உள்ளாட்சியின் துணைவிதியைத் தேடுங்கள், பூங்கா வாசலில் இருக்கும் பலகையை நின்று படியுங்கள், குடியிருப்புச் சங்கத்தின் விதியைக் கேளுங்கள். ஒன்றுக்கொன்று வேறுபட்டால் கடுமையானதைக் கடைப்பிடிப்பதே பத்திரம்.

## காயம் பட்டால் யார் மேல் வரும்?

இதுதான் அதிகம் குழம்பும் இடம். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கேள்வி மிகப் பழையது. கிரேக்க நகரமான ஏதென்ஸில் சோலோன் இயற்றிய சட்டத்தில், ஒருவரைக் கடித்த நாயை, மூன்று முழ நீளக் கட்டை கழுத்தில் பூட்டப்பட்ட நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்று இருந்தது. சோலோன் காலம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். நாய்க்கும் மனிதனுக்கும் நடுவே ஓர் இடைவெளியை வைக்க வேண்டும் என்ற யோசனை அப்போதே இருந்திருக்கிறது.

இன்றைய சட்டங்கள் பொதுவாக மூன்று வழிகளில் பொறுப்பைச் சுமத்துகின்றன. முதல் வழியில் கேட்கப்படுவது: இந்த நாய் ஆபத்தானது என்று உங்களுக்குத் தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா? இதற்குத்தான் ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஒரு கடி விதி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது, அந்தப் பெயரே பல பேரைக் கெடுத்தும்விட்டது. முதல் கடி இலவசம் என்று அதற்கு அர்த்தமே கிடையாது. நாய் முன்பு கடித்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்பது ஒரு சாட்சி, அவ்வளவுதான். அது ஆட்களைப் பார்த்துப் பாய்வது, பல்லைக் காட்டுவது, பக்கத்து வீட்டார் இரண்டு முறை புகார் சொன்னது எல்லாமே அதேபோல் சாட்சியாகலாம். ஒரு கடியும் கடிக்காத நாயின் சொந்தக்காரரும் மாட்டலாம்.

இரண்டாம் வழியில் தெரியுமா தெரியாதா என்ற கேள்வியே எழாது. நாய் உங்களுடையது, கடித்தது, நீங்கள் பொறுப்பு. இதைக் கண்டிப்பான பொறுப்பு என்பார்கள். கலிஃபோர்னியாவின் சட்டம் இப்படிப்பட்டது: பொது இடத்திலோ, முறைப்படி வந்திருக்கும் தனியார் இடத்திலோ ஒருவரை நாய் கடித்தால், அதற்கு முன் அது எவ்வளவு சாதுவாக இருந்திருந்தாலும் சொந்தக்காரர்தான் நஷ்டஈடு தர வேண்டும். கையில் ஆறடி லீஷைச் சரியாகப் பிடித்திருந்தபோது கடித்தாலும் அப்படியே. லீஷ் சட்டத்தைக் கடைப்பிடித்தது அபராதத்திலிருந்து காக்கும். நஷ்டஈட்டிலிருந்து காக்கும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, கவனக்குறைவு. ஒரு சாதாரணப் பொறுப்புள்ள மனிதர் எடுத்திருக்கும் முன்னெச்சரிக்கையை நீங்கள் எடுத்தீர்களா என்பதே கேள்வி. இதற்கு என் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை. கேட்டைத் திறந்து வண்டியை உள்ளே எடுத்தேன், திரும்பிப் போய்ச் சாத்த அரை நிமிடம் தாமதித்தேன். எங்கள் பிரௌனி வெளியே பாய்ந்துவிட்டாள். தெருவில் ஒரு பையன் சைக்கிளில் வந்தான், எட்டு ஒன்பது வயது இருக்கும். பிரௌனிக்குப் பிள்ளைகள் என்றால் உயிர். வாலைச் சுழற்றிக்கொண்டு நேராக அவனை நோக்கி ஓடினாள். அவன் ஹேண்டிலை வெட்டினான், சைக்கிள் சரிந்தது, கையை ஊன்றி விழுந்தான். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது முன்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பிரௌனி அவன் முழங்காலில் கசிந்த ரத்தத்தை நக்கிக்கொண்டிருந்தாள். அவன் அழக்கூட இல்லை. மூச்சைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டு உறைந்து கிடந்தான். மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு.

கடியே இல்லை. ஒரு கீறல்கூட அவள் போடவில்லை. ஆனாலும் கேட்டைச் சாத்தாதது நான். மருத்துவச் செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம், அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, அது அவர்களுக்குச் சேர வேண்டியது. கடிக்கு மட்டும் பொருந்தும் சட்டங்கள் இப்படிப்பட்ட விழுதலுக்குப் பொருந்தாது. கவனக்குறைவு என்ற வழி பொருந்தும். அமெரிக்காவின் பல மாநிலங்களில், உள்ளூர் லீஷ் விதியை மீறியது நிரூபணமானால் அதுவே கவனக்குறைவுக்கு ஆதாரமாகிவிடும். தெருவில் ஐம்பது ரூபாயோ ஐம்பது டாலரோ அபராதம் என்று நாம் அலட்சியப்படுத்தும் சின்ன விதி, காயம் என்று வரும்போது பெரிய வழக்கின் முதுகெலும்பாகிறது.

இவை நஷ்டஈடு பற்றியவை. தண்டனை வேறு. இந்தியாவில், தன்னிடமுள்ள விலங்கால் மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ வரக்கூடிய ஆபத்தைத் தடுக்கப் போதிய ஏற்பாட்டைத் தெரிந்தோ கவனக்குறைவாகவோ செய்யாமல் விடுவது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 289-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதன் சொற்களில் நாய் இனம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆபத்தும் அதற்கான ஏற்பாடும்தான் இருக்கின்றன.

சுருக்கமாக: தெரிந்திருந்தால் பொறுப்பு, சில இடங்களில் தெரியாவிட்டாலும் பொறுப்பு, கவனிக்காமல் விட்டால் பெரும்பாலான இடங்களில் பொறுப்பு. கடிபட்டவர் நாயைச் சீண்டியிருந்தாலோ அத்துமீறி நுழைந்திருந்தாலோ கணக்கு மாறக்கூடும்; எவ்வளவு மாறும் என்பது அந்தந்த இடத்துச் சட்டத்தைப் பொறுத்தது.

## கேட்டில் மாட்டிய போர்டு

கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேய் நகரத்தில், ஒரு வீட்டு வாசல் தரையில் சங்கிலியில் கட்டிய கறுப்பு நாயின் படத்தைச் சில்லுகளால் பதித்து, கீழே லத்தீனில் "நாய் ஜாக்கிரதை" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வாசகம் இன்றுவரை அப்படியே தொடர்கிறது.

போர்டு நல்லதுதான். உள்ளே நாய் இருப்பது தெரியாமல் வருகிறவரை அது நிறுத்தும். ஆனால் அதை ஒரு ரசீதுபோல் எண்ணக் கூடாது. படிக்கத் தெரியாத குழந்தைக்கும், கேட்டின் மறுபக்கத்திலிருந்து வருபவருக்கும், வேலை நிமித்தம் உள்ளே வந்தாக வேண்டிய தபால்காரருக்கும் அது எதுவும் சொல்வதில்லை. சில வழக்குகளில் எதிர்த்தரப்பு அதையே கையிலெடுக்கவும் முடியும்: நாய் ஆபத்தானது என்று தெரிந்துதானே மாட்டினீர்கள்? கேட்டின் தாழ்ப்பாள் போர்டைவிட நம்பகமானது.

## கட்டிப்போடுவது வேறு

கயிறு என்றதும் சிலர், "அதனாலதான் நாங்க நாள் முழுக்கக் கட்டியே வச்சிருக்கோம்" என்பார்கள். எனக்கு மிகவும் வலிக்கும் பேச்சு இது. லீஷின் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார். சங்கிலியின் மறுமுனையில் ஒரு தூண் இருக்கிறது. லீஷ், நாய் உலகத்துக்குள் வருவதற்கான வழி. நாள் முழுக்கச் சங்கிலி அந்த வழியை அடைக்கிறது. ஓடவும் ஒளியவும் முடியாத நாய்க்கு நெருங்கி வரும் ஒவ்வொரு காலடியும் மிரட்டல்தான். அப்படி வளர்ந்த நாய் ஒருநாள் கொக்கி அறுந்து வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவின் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இதைக் கண்டித்திருக்கிறது. நியாயமற்ற அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரத்துக்கு விலங்கைக் கட்டி வைப்பது வதை. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாய்க்குத் தகுந்த நடையோ ஓட்டமோ கொடுக்காமல் விடும் உரிமையாளரும் அதே பிரிவில் வருகிறார். வீட்டுக்கு வெளியே பிடித்திரு என்று ஒரு சட்டம், உள்ளே கட்டியே போடாதே என்று இன்னொரு சட்டம். இரண்டும் முரண் போலத் தெரியலாம். தினமும் லீஷோடு நடைக்குக் கூட்டிப்போகிறவருக்கு இரண்டையும் கடைப்பிடிப்பதில் சிரமமே இல்லை.

## அடையாளமும் அள்ளுவதும்

கயிறு எப்போதாவது அறும். அப்போது நாய் யாருடையது என்று தெரிய வேண்டும். இங்கிலாந்தில் பொது இடத்துக்கு வரும் நாயின் கழுத்துப்பட்டையில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 1992 முதல் விதி. 2016 முதல் மைக்ரோசிப்பும் கட்டாயம். மைக்ரோசிப் என்பது அரிசி அளவில் தோலுக்கு அடியில் வைக்கும் சில்லு. அது நாய் எங்கே இருக்கிறது என்று காட்டும் என நினைப்பவர்கள் உண்டு, காட்டாது. அதில் பேட்டரியே கிடையாது. ஸ்கேனரை அருகில் கொண்டுபோனால் ஓர் எண்ணைக் காட்டும், அந்த எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும். தொலைபேசி எண் மாறியும் பதிவைத் திருத்தாவிட்டால் சில்லு இருந்தும் பயன் இல்லை.

கழிவை அள்ளுவதைப் பற்றி ஒன்று மட்டும். அசிங்கம் என்பதற்காக மட்டும் அந்த விதி வரவில்லை. நாயின் குடலில் இருக்கும் உருண்டைப் புழுவின் முட்டைகள் மண்ணில் விழுந்து சில வாரங்களில் தொற்றும் நிலைக்கு வரும், பிறகு வருடக்கணக்கில் மண்ணிலேயே கிடக்கும். கழிவு காய்ந்து உதிர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போனபின்தான் மண்ணில் விளையாடும் பிள்ளைகளுக்கு ஆபத்து. அன்றன்றைக்கு அள்ளினால் முட்டைக்கு அந்த அவகாசம் கிடைக்காது. லீஷ் இருந்தால்தான் நாய் எங்கே உட்கார்ந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

## கடித்துவிட்டால் அந்த முதல் மணி நேரம்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் நடக்கலாம். அப்போது யார் மேல் தப்பு என்று வாதாடிக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் நாயை உள்ளே அடையுங்கள். கடிபட்டவரின் காயத்தைச் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில், முழுதாக 15 நிமிடம் கழுவ உதவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளமானது. இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முதல் வேலை. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் காயத்தின் பக்கம் வரக் கூடாது. பிறகு தாமதிக்காமல் மருத்துவரிடம்.

ரேபிஸ் நோயால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இறக்கிறார்கள் என்பது மதிப்பீடு, மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் ஏறக்குறைய 99 சதவீதம் நாய் வழியாக வருவது. அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. அறிகுறிக்கு முன் ஊசி போட்டால் தடுத்துவிடலாம். ஆகவே, "எங்க நாய்க்கு ஊசி போட்டாச்சு, நீங்க ஒண்ணும் போட வேண்டாம்" என்று நாய்க்காரர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதை மருத்துவர் சொல்லட்டும். நீங்கள் செய்ய வேண்டியது, நாயின் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு அவர்களோடு போவது, தேதியை மருத்துவரிடம் காட்டுவது, உங்கள் முகவரியைக் கொடுத்துவிட்டு வருவது.

அடுத்த 10 நாள் நாயைக் கண்காணிப்பில் வையுங்கள். எச்சிலில் வைரஸ் வரும் நிலையை எட்டிய நாய், அந்த 10 நாளுக்குள் நோய் முற்றி இறந்துவிடும் என்பதால்தான் இந்தக் கணக்கு. 10-ஆம் நாள் அது வழக்கம்போல் சாப்பிட்டு, வாலாட்டி, நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் ரேபிஸ் இல்லை என்று பொருள். இடையில் நாயை விற்கவோ, வேறெங்காவது அனுப்பவோ, பயந்துபோய்க் கொன்றுவிடவோ கூடாது. கடிபட்டவரின் சிகிச்சையைத் தீர்மானிக்க மருத்துவருக்கு இருக்கும் தடயம் அதுதான். நாயின் நடத்தையில் ஏதாவது மாறினால், சாப்பிட மறுத்தாலோ விழுங்கத் திணறினாலோ, அன்றே கால்நடை மருத்துவருக்கும் கடிபட்டவர் வீட்டுக்கும் சொல்லுங்கள். ஒன்றும் மாறவில்லை என்றாலும் தினமும் ஒரு போன் செய்து, "நாய் நல்லா இருக்கு, உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். அந்தப் பத்து நாளும் அவர்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள்.